மலையில் வளர்ந்தவர்களுக்கு ஆல்ப்ஸைக் காட்டுவதா, வேண்டாமா?

குன்னூர் பையன் (இப்போது ஸ்டுட்கார்ட்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக ஜெர்மனிக்கு வருகிறார்கள். ஜூன் நடுவில் வந்து ஆகஸ்ட் கடைசி வரை இருப்பதாக உத்தேசம். அப்பா நம் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை இருக்கிறது, மற்றபடி நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் அவரைச் சும்மா உட்காரச் சொன்னால் அதுதான் பெரிய வியாதியாகிவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் பீன்ஸும் மேராக்காயும் (சௌசௌ) போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறவர். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பையன் கிண்டர்கார்டன். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற லீவு இரண்டு வாரம்தான்.

அந்த இரண்டு வாரத்துக்கு நான் போட்டு வைத்திருக்கிற திட்டம் இது: வாடகைக் கார் எடுத்து முதலில் பாரிஸ், அங்கிருந்து ஸ்விஸ், யுங்ஃப்ராவ்யோக் போய்ப் பனி, அப்புறம் மிலான், வெனிஸ், ரோம், திரும்பும் வழியில் இன்ஸ்ப்ரூக். மனைவி பார்த்துவிட்டு, இது டூர் இல்லை, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் லோடு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள்.

அம்மாவிடம் போனில் ஸ்விஸ் என்று சொன்னதும், "இங்கே ஜன்னலைத் திறந்தா மலை. அங்கேயும் வந்து மலையையா பாக்கணும்? அதுக்கு எதுக்கு அத்தனை காசு?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவர் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆகவே அப்பா அம்மாவை அழைத்துப் போனவர்களும், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த பெரியவர்களும் சொல்லுங்கள். மலைக்காரர்களுக்கு ஆல்ப்ஸ் தேவையா? நாங்கள் வேலைக்குப் போகிற மற்ற நாட்களில் அவர்கள் என்ன செய்வார்கள்? விசாவுக்கு ஊரிலிருந்தபடி என்ன தயார் செய்ய வேண்டும்? சாமான் விஷயமும் ஒன்று இருக்கிறது, அம்மா இப்போதே நெய் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்.

சேரிங் கிராஸ்

முதலில் நெய்யை நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் அதில் அடங்கும். பச்சையாக உள்ள காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலைக் கட்டும் அந்தக் கணக்குதான், உங்கள் அம்மாவின் மேராக்காயும் அந்தக் கணக்குதான். விலக்கு உள்ள பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். தேன் ஆளுக்கு 2 கிலோ வரை சரி. டீத்தூள், மசாலாப் பொடி, வடகம், நம் ஊர் பேக்கரி வர்க்கி தாராளமாகக் கொண்டுபோகலாம். பலரும் ஊட்டி சாக்லேட்டை ஸ்விஸுக்கே கொண்டுபோகிறார்கள், அதை நான் தடுப்பதில்லை.

நான் இங்கே ஊட்டியில் டிக்கெட்டும் விசா மனுவும் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், உங்கள் விஷயத்தில் ஜெர்மனி. அந்த விசாவிலேயே பிரான்ஸ், இத்தாலி, ஸ்விஸ் எல்லாம் போய் வரலாம், லண்டன் மட்டும் தனி விசா. 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம், உங்கள் கணக்கு அதற்குள் வந்துவிடுகிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம், கடைசி வாய்ப்பு 15 நாள் முன்பு. ஆனால் கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டுவதால் சென்னையிலும் பெங்களூரிலும் நேரம் கிடைப்பதே பாடு, ஆகவே பிப்ரவரி மார்ச்சிலேயே வேலையை ஆரம்பியுங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மனு வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இதில் சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பல பாலிசிகள் காசு தராது. அப்பாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள், விலை குறைவு என்று பார்க்காமல் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மாத்திரை மொத்த நாளுக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு, கைப்பையில்.

நீங்கள் அங்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரில் போய், இவர்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிற கடிதம். ஜெர்மன் பெயர் வாயில் நுழையாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 29 யூரோ. அசல் தாளைத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு என்பதால் ரொம்ப முன்னாடியும் வாங்கி வைக்காதீர்கள். ஊரில் அப்பாவின் பென்ஷன் வங்கிக் கணக்கு, வீட்டு வரி ரசீது, திரும்பி வருவார்கள் என்று காட்டுகிற எதுவானாலும் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரித்து எழுதியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் இருக்க வேண்டும், நம் பக்கத்து ஆட்களுக்கு இதில்தான் அடிக்கடி குழப்பம் வருகிறது. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே எல்லையிலும் முகமும் விரல் ரேகையும் பதிகிற புது முறை வந்திருக்கிறது, முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசை நீளும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். டிக்கெட் போடும்போதே இருவருக்கும் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். நடக்க முடியாததற்காக இல்லை, மொழி தெரியாத ஏர்போர்ட்டில் கையைப் பிடித்து விமானம் மாற்றி விட ஒரு ஆள் கிடைப்பார், அதற்காக.

இன்னொன்று, இதை வெளியூர் ஏஜெண்ட் யாரும் சொல்ல மாட்டார். பெங்களூர் விமானம் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் திம்பம் வழியும் இரவில் கிடையாது. ஐரோப்பா விமானங்கள் பலவும் நடுநிசி தாண்டித்தான் கிளம்புகின்றன, ஏர்போர்ட்டோ பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஆகவே காலையிலேயே குன்னூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஜூனில் கூடலூர் பக்கம் மரம் விழுந்தால் அங்கேயே சில மணி நேரம் போகும். திரும்பி வரும்போது சாயங்காலம் இறங்கினால் மைசூரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரட்டும்.

கோத்தகிரி டீச்சர்

விசா எல்லாம் மேலே சார் சொல்லிவிட்டார். நான் மகள் வீட்டுக்கு நெதர்லாந்து போய்வந்தவள், போய்வந்த அம்மாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் பதிவில் திட்டம் முழுக்க உங்களுடையது. அம்மா சொன்னது ஒரே வரி, அதுவும் "வேண்டாம்" என்பதற்கான வரி. எது வேண்டும் என்று கேட்டீர்களா? எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மாவுக்குக் கால் வலி, அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது, அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காது என்று மகளும் மருமகனும் அவர்களாகவே பேசி முடித்து, எனக்கு ஆசையாக இருந்த இத்தாலிப் பயணத்தை எடுத்துவிட்டார்கள். கோத்தகிரிக் குளிரில் அறுபது வருஷம் இருந்தவளுக்கு எந்தக் குளிர் ஒத்துக்காது? நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதனால் சண்டையும் போட முடியவில்லை.

ஆல்ப்ஸ் வேண்டுமா என்று கேட்டீர்கள். எனக்கு ஐரோப்பாவில் மறக்கவே முடியாதது மலையே இல்லாத நிலம்தான். நான் சமூக அறிவியல் நடத்தினவள், கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் இருக்கிறது, நீரை இறைத்து இறைத்துக் காய வைத்த நிலம் என்று வருஷா வருஷம் பாடம் சொல்லியிருக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமே கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறது. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிற நான் அங்கே போய் இறங்கினேன். அப்புறம் கின்டர்டைக் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள், 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். அங்கே வாய்க்காலில் தண்ணீர் மேலே ஓடுகிறது, பக்கத்து வயல் கீழே கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு அரை நாள் போதவில்லை, மருமகன் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஒரு மேடு வந்து கண்ணை மறைக்கும், அங்கே கண் போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் இது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அவரைத்தான் கேட்க வேண்டும்.

மற்ற நாட்களில் என்ன செய்வார்கள் என்றால், முதலில் அவர்கள் கையில் ஒரு சாவி கொடுங்கள். எனக்கு முதல் சில நாட்கள் சாவி இல்லை. அந்த ஊர்க் கதவு வெளியே வந்து சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே சாவியை விட்டுவிட்டால் பூட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பெரிய தொகை அழ வேண்டும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் குப்பை போடக்கூட நான் கீழே இறங்கவில்லை. சாவி ஒன்று கழுத்துக் கயிற்றில், இன்னொன்று பக்கத்து வீட்டில், முகவரி எழுதிய சீட்டு பர்ஸில், உள்ளூர் சிம். அதோடு மாதாந்திர பஸ் சீட்டு ஒன்று. இது இருந்தால் அவர்களே போய் வருவார்கள். நான் தினம் ஒரு பஸ்ஸில் ஏறி அதன் கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். பெரிய இடம் எதுவும் இல்லை. ஆனால் மகள் கூட்டிப்போன இடங்களைவிட அவள் ஊரை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன், எந்தக் கடையில் கொத்தமல்லி கிடைக்கும் என்று அவளுக்கே நான்தான் சொன்னேன்.

வெலிங்டன்வாசி

எல்லாம் சரி டீச்சர். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்ததும் கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பது "பாரிஸ் போனீங்களா, ஈபிள் டவர் ஏறினீங்களா" என்றுதான். வாய்க்காலில் தண்ணீர் மேலே ஓடியதை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் இரண்டாம் தடவை வாய்க்காது. என் மாமனாரை அவருடைய மூத்த மகன் பெல்ஜியத்தில் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு "அமைதியா இருக்கட்டும்" என்றார், பாரிஸ் அங்கிருந்து ஒன்றரை மணி நேர ரயில். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். காட்டுவதைக் காட்டிவிடுங்கள். ரோமை வேண்டுமானால் வெட்டுங்கள்.

மூஞ்சிக்கல்

கொடைக்கானலிலிருந்து ஒரு அனுபவம். மகன் லியோனில் வேலை பார்க்கிறான். நாங்கள் போனபோது அவனும் இதே போல ஒரு பட்டியல் வைத்திருந்தான். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சலேத் மாதா ஊர் அங்கேதானே இருக்கு" என்று மட்டும் கேட்டாள். அவனுக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. கொடையில் பிறந்து, எங்கள் ஊர் சலேத் மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்தின் பின்னால் நடந்தவன்தான், ஆனால் சலேத் என்பது மாதாவுக்கு ஒரு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

லா சலேத் பிரெஞ்சு ஆல்ப்ஸில், கிரெனோபிள் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்த இடம். அதன் பிறகு இருபது வருஷம் போலத்தான் ஆகியிருக்கும், பிரெஞ்சுப் பாதிரியார் நம் ஊரில் அதே மாதாவுக்குக் கோயில் எழுப்பிவிட்டார். அங்கே கோயில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத புல்மலை நடுவில் தனியாக நிற்கிறது. கொடை அதைவிட உயரம். கோர் என்ற சின்ன ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற சாலையைப் பார்த்ததும் என் மனைவி வத்தலக்குண்டு ரோடு என்றாள், வாந்தியும் அதே இடைவெளியில் வந்தது, அது வேறு கதை. மேலே போனதும் நாங்கள் கொடைக்கானல் என்று சொன்னோம். அங்கே யாருக்கும் அது எந்தத் திசை என்று தெரியவில்லை, ஆனால் சலேத் பெயரில் இந்தியாவில் கோயில் இருக்கிறது என்றதும் ஒரு வயதான சிஸ்டர் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, தோத்திரம் எந்த மொழியில், திருவிழா எப்படி என்று மகனை மொழிபெயர்க்க வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

வெலிங்டன்வாசி சொல்வது போல ஈபிள் டவரும் போனோம், நன்றாகத்தான் இருந்தது, போட்டோ சுவரில் மாட்டியிருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான். ஊரிலிருக்கும்போதே அவர்கள் மனசில் ஐரோப்பாவின் ஏதோ ஓர் இடம் இருக்கும், அது கூகுள் பட்டியலில் வராது. தம்பியின் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பெரிய விஷயத்தை எழுதிவிட்டு அடுத்த வரியில் மிலான் என்கிறீர்களே!

தேவாலா (சூரிச் பக்கம்)

மூஞ்சிக்கல் ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

பையா, உன் அப்பா காலமெல்லாம் கொடி பிடித்துப் பிரேக் போட்ட வண்டியைத் தள்ளின இன்ஜினில் ஒரு பெயர்த் தகடு இருக்கும், வின்டர்தூர் என்று. பழைய எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் அங்கேதான் செய்யப்பட்டன. புதுசாகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவை பிறகு வந்தவை. வின்டர்தூர் எனக்குப் பக்கத்து ஊர். இப்போது அங்கே இன்ஜின் செய்வதில்லை, பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன, ஆகவே அதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். ஆனால் அதே தொழிற்சாலை செய்த நீராவி இன்ஜின்கள் இன்றும் மலை ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்குப் போகிற ரயில், 1892இல் ஆரம்பித்தது. நம் குன்னூர் வரையான பாதை 1899, ஊட்டி வரை 1908. இரண்டும் ஒரே ஆப்ட் முறைப் பல்தண்டவாளம், நடுவில் உள்ள பற்களை இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும், இரண்டிலும் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒரு வித்தியாசம், நம்முடையது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர், அங்கே 800 மில்லிமீட்டர்தான், பெட்டியும் சின்னது. கீழே 566 மீட்டரில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் 2,244 மீட்டரில் விடும். நம் ஊட்டி 2,240. ஜூன் முதல் அக்டோபர் வரை ஓடும், மழை மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, வானிலை பார்த்து முந்தின நாள் முடிவு செய். லூட்செர்னிலிருந்து ப்ரூனிக் கணவாய் வழியாக பிரியென்ஸ் போகிற சாதாரண ரயிலே நடுவில் பல்சக்கரம் மாட்டித்தான் ஏறும், அப்பாவை ஜன்னல் பக்கம் உட்கார வை.

இதைவிட முக்கியமானது. நீ ஸ்டுட்கார்ட்டிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறாய். உன் ஊர் மரியன்பிளாட்ஸிலிருந்து டெகர்லோக் வரை 'ட்ஸாக்கே' என்று ஒன்று ஏறுகிறதே, அது என்ன? 1884இலிருந்து ஓடுகிற பல்சக்கர ரயில், சுற்றுலாவுக்கு இல்லை, வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற வண்டி, முன்னால் சைக்கிள் ஏற்ற ஒரு தட்டு வண்டியோடு. அதன் ஏற்றம் 17 சதவீதத்துக்கும் மேல். நம் மலை ரயிலில் அதிகபட்சம் சுமார் 8 சதவீதம்தான். ஜெர்மனி முழுக்கச் செல்லுகிற மாத டிக்கெட் இப்போது 63 யூரோ, அதில் இதுவும் அடக்கம். அப்பாவுக்கு அந்த டிக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு நீ வேலைக்குப் போ, அவர் என்ன செய்வார் என்ற கவலையே வேண்டாம். அது சந்தா முறை, மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள். வேகமான ஐசிஇ ரயிலில் மட்டும் செல்லாது.

யுங்ஃப்ராவ்யோக் பற்றி. 3,454 மீட்டர். நாம் மலைக்காரர்கள், மூச்சு வாங்காது என்று நினைக்க வேண்டாம், தொட்டபெட்டாவே 2,637தான். அதுவும் உங்கள் வீட்டில் வாரக்கணக்கில் 300 மீட்டர் உயரத்தில் இருந்துவிட்டு ஒரே காலையில் மேலே போவது. டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போ. இன்டர்லாகனிலிருந்து முழு டிக்கெட் தலைக்கு 200 பிராங்குக்கு மேல், மேலே போய் மேகம் என்றால் அம்மா காசுக் கணக்கை ஊர் திரும்பும் வரை சொல்வார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாத அரைக்கட்டண அட்டை இருக்கிறது, நாலு நாள் ஸ்விஸில் சுற்றினாலே கட்டுப்படியாகும், ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும், பிரியென்ஸ் ரயிலுக்கும்தான்.

யாரும் சொல்லாத ஒன்று, வெயில். எல்லோரும் அப்பா அம்மாவுக்கு ஜெர்கின் வாங்குகிறார்கள். ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் சில நாள் 35 டிகிரி தாண்டும், ஊரே ஒரு பள்ளத்தில் இருப்பதால் ராத்திரியும் இறங்காது, வீட்டில் ஏசி கிடையாது. குன்னூர் வீட்டில் மின்விசிறிகூட இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். இரண்டு மேசை விசிறியை மே மாதமே வாங்கி வை, வெயில் வந்தபின் கடையில் இருக்காது. பகலில் ஜன்னல் மரத்திரையை இறக்கிவிடச் சொல். இரவு ஒன்பதரைக்குத்தான் இருட்டும், என் அம்மா விளக்கு எப்போது ஏற்றுவது என்று தினமும் கேட்டார், கடைசியில் ஊர் நேரப்படி ஏற்றிக்கொண்டார்.

என் அம்மா கதை ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். அவருக்கு லூட்செர்ன், ரைன் அருவி எல்லாம் காட்டினேன், நல்லா இருக்கு என்றார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே சிலோன் தமிழ் பேசுகிற ஒரு அம்மாவைக் கேட்டதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. யாழ்ப்பாணத்துக்காரர் அவர், மலையகத்துக்காரர் இவர், அங்கே இருந்திருந்தால் பேசியிருப்பார்களோ என்னவோ. அதன் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை என்னை எதிர்பார்க்காமல் தானே ட்ரெயின் ஏறிப் போனார். உங்கள் பக்கம் என்றால் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் பெரியது, 2002இல் குடமுழுக்கு ஆனது, ஸ்டுட்கார்ட்டிலிருந்து தூரம்தான். பாரிஸ் போனால் லா ஷப்பேல் பகுதியில் ஒரு நேரம் விடு, தமிழ்ப் பெயர்ப்பலகையாகவே இருக்கும், அம்மாவுக்கு வேண்டிய கறிவேப்பிலையும் அங்கேயே கிடைக்கும்.

குன்னூர் பையன் (இப்போது ஸ்டுட்கார்ட்)

நன்றி, எல்லோருக்கும். ட்ஸாக்கேவில் நான் வாரம் ஒருமுறையாவது போகிறேன், அப்பாவோடு சேர்த்து அதை யோசித்ததே இல்லை. நேற்று வீடியோ எடுத்து அனுப்பினேன். எதற்குமே ஒன்றும் சொல்லாத அப்பா உடனே திருப்பிக் கூப்பிட்டு, "பெட்டிக்குப் பெட்டி ஆள் இல்லையே, யார்டா பிரேக் போடறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓட்டுநரிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், அம்மாவைக் கேட்டேன். முதலில் "உங்களுக்கு எது சௌகரியமோ" என்றார், விடாமல் கேட்டதில் கடைசியாக "தண்ணிக்குள்ளயே ஒரு ஊர் இருக்குமாமே" என்று வந்தது. ஆக வெனிஸ் இருக்கிறது, ரோமும் மிலானும் போய்விட்டன. கார் வேண்டாம், ரயில்தான். முதல் வாரம் பிரியென்ஸும் லூட்செர்னும், யுங்ஃப்ராவ் இல்லை. இரண்டாவது வாரம் வெனிஸ். பாரிஸை ஒரு நீண்ட வார இறுதியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, வெலிங்டன்வாசிக்காக ஈபிள் டவர் போட்டோ உண்டு. மனைவி இந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். வெனிஸில் அம்மாவின் முழங்காலுக்கு என்ன செய்வது? ஊர் முழுக்கப் பாலம் என்கிறார்களே. அப்புறம் எங்கள் அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்று ஒரு கீழ்வீட்டுக்காரர் இருக்கிறார், குக்கர் விசில் பரவாயில்லையா?

தேவாலா (சூரிச் பக்கம்)

கிட்டத்தட்ட ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு பக்கமும் படி, சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறினால் உனக்கே முழங்கால் போய்விடும். படகு பஸ்ஸுக்கு நாள் பாஸ் எடு. 1ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்க ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகும், அம்மா முன்னால் உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். தங்கும் அறையைப் படகு நிறுத்தத்துக்கும் அறைக்கும் நடுவில் பாலம் வராதபடி பார்த்து எடு, வரைபடத்தில் நீல வாய்க்காலைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் தெரியும். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெனிஸுக்குப் பகல் ரயில் இருக்கிறது, ஆல்ப்ஸை அந்த ஜன்னலிலிருந்தே அம்மா இலவசமாகப் பார்த்துக்கொள்வார்.

கோத்தகிரி டீச்சர்

குக்கர் விசில் பரவாயில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் வைக்காமல் இருந்தால் சரி. தாளிக்கும்போதுதான் கவனம். கூரையில் இருக்கிற புகை எச்சரிக்கைக் கருவி கடுகு மிளகாய்க்குக் கத்தும், என் மகள் வீட்டில் கத்தி மாடி முழுக்க வெளியே வந்து நின்றது. அடுப்புக்கு மேல் உள்ள புகைப்போக்கியை முதலில் போட்டுவிட்டு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அவசரத்துக்கு 112, அவசரமில்லாத டாக்டருக்கு ஜெர்மனியில் 116117 என்று என் மருமகன் சொல்கிறார், இரண்டையும் ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கு அம்மா வந்த முதல் வாரமே ஒரு பொட்டலம் வர்க்கி கொடுத்து அனுப்புங்கள்.